நாய்களுக்கு வைத்த நம் பெயர்

ஒலிபெருக்கியில் என் சாதிப் பெயரைச் சொன்னார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க என்று வகுப்பில் சொல்லும்போது திரும்புமே, அதே கழுத்து. ஆனால் இது நடந்தது திண்டிவனத்திலோ விக்கிரவாண்டியிலோ இல்லை. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், 2010ஆம் வருஷம் ஒரு நாய்க் கண்காட்சியில். அடுத்து வளையத்துக்குள் வரவேண்டிய நாய்ப் பிரிவை அறிவித்தார்கள். கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்களும், 'பரையா' நாய்களும். என் கையில் ஒரு நாயின் வார் இருந்தது. அது அந்தப் பிரிவில் போகவேண்டிய நாய். நானும் அந்தப் பிரிவுதான் என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

அந்த நாயின் இனத்துக்கு பசெஞ்சி என்று பெயர். காங்கோ நாட்டு நாய். அதனோடு மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். நாயைப் பற்றி எழுத ஒரு தலித் பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததைக் கள ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம். நாய்க்கு சாதி வந்த கதை அங்கேயே இருக்கிறது. நான் சொல்லப்போவது அதே கதை கடல் தாண்டிப் போய்வந்த வழி.

படிக்கப் போனவள் நான். 2008 முதல் 2011 வரை. பல்கலைக்கழக விடுதி வாடகை கட்டுப்படியாகவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர், கணவரை இழந்தவர், தன் வீட்டு மாடி அறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, காலையும் மாலையும் மூன்று நாய்களை நடக்கக் கூட்டிப்போக வேண்டும். அதில் பெஸ், டோபி ரெண்டும் பசெஞ்சி. மூன்றாவது பட்டன், காப்பகத்திலிருந்து எடுத்த கலப்பு நாய்.

பெஸ்ஸை முதல் நாள் பார்த்ததும் எனக்கு சிரிப்பு வந்தது. எங்க காலனி நாய். சத்தியமா அதேதான். நிமிர்ந்த காது, செம்பட்டை மயிர், நடு முதுகைத் தொடுகிற மாதிரி சுருண்ட வால், ஒட்டிய வயிறு. நெற்றியில் மட்டும் கவலைப்படுகிற கிழவி மாதிரி சுருக்கம். இதுக்கா இவங்க ஆயிரம் டாலருக்கு மேல கொடுத்தாங்க என்று நினைத்தேன். போனில் சொன்னபோது அம்மா கேட்டது: "இன்னா நாயி அது? கொலைக்கவே கொலைக்காதா? அப்ப எதுக்கு அத வெச்சினு கீறாங்க?"

பசெஞ்சி குலைக்காது. ஊமை இல்லை. சந்தோஷம் வந்தால் தொண்டையை ஏற்றி இறக்கி, ஒப்பாரிக்கு ராகம் பிடிக்கிற மாதிரி ஒரு இழுவை இழுக்கும். பூனை மாதிரி உட்கார்ந்து தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மழை என்றால் வாசற்படி தாண்டாது. மற்ற வீட்டு நாய்கள் வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், இது ஒரே முறை. சொன்ன பேச்சு கேட்காது. "வா" என்றால் நின்று யோசிக்கும், வந்தால் தனக்கு என்ன லாபம் என்கிற மாதிரி. டோபி கம்பி வேலி மேல் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். பெஸ் குளிர்பெட்டிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. அந்த அம்மா கதவுக்கு ஒரு கொக்கி மாட்டினார். இரண்டே நாளில் அதையும் திறந்தது. பயிற்சி கொடுப்பவர்கள் இந்த இனத்தை மந்தபுத்தி என்று பட்டியலில் கடைசியில் வைப்பார்கள். கீழ்ப்படியாததை அறிவில்லை என்று சொல்வது நமக்குப் புது விஷயமில்லை.

வீட்டு அம்மா நல்லவர். நாய்களின் பெருமையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். இது பாரோ மன்னர்களின் நாயாம், எகிப்தின் கல்லறைச் சித்திரங்களில் சுருட்டை வாலோடு உட்கார்ந்திருக்கிறதாம், காணிக்கையாக ஆற்று வழியே வந்ததாம். சுருட்டை வால் நாய் அந்தச் சித்திரங்களில் இருப்பது உண்மை. அது இந்த நாயின் பாட்டன்தான் என்பது நம்ம ஊர் சாதிச் சங்கங்கள் மாநாட்டு மலரில் போடுகிற மூவேந்தர் வரலாறு மாதிரி. கிராமத்து நாய் என்றால் மதிப்பில்லை, ராஜா வீட்டிலிருந்து வந்தால்தான் மதிப்பு.

பெயரின் கதை எனக்குப் பல்கலைக்கழகச் சமையற்கூடத்தில் கிடைத்தது. அங்கே பாத்திரம் கழுவும் பகுதியில் பகுதிநேர வேலை. என்னோடு காங்கோக்காரர் ஒருவர் இருந்தார். வயதில் பெரியவர், அண்ணன் என்றே நான் கூப்பிடுவேன், அந்தச் சொல்லை அவர் கற்றுக்கொண்டார். உங்க ஊர் நாயோடதான் இருக்கேன் என்று சந்தோஷமாகச் சொல்லி, இனத்தின் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அது நாயின் பெயர் இல்லை. என் தாத்தாவை வெள்ளைக்காரன் கூப்பிட்ட பெயர்."

லிங்காலா மொழியில் ஒருவர் என்றால் மொசென்ஜி, பலர் என்றால் பசென்ஜி. நாகரிகம் இல்லாதவர்கள், காட்டுமிராண்டிகள் என்று அர்த்தம். 'ம்ப்வா நா பசென்ஜி' என்றால் காட்டுமிராண்டிகளின் நாய். ம்ப்வா என்கிற நாய் போய்விட்டது, காட்டுமிராண்டி மட்டும் இனப் பெயராக நின்றுவிட்டது. இதன் பங்காளிச் சொல் சுவாஹிலியில் ஷென்சி. கடற்கரை ஊர்க்காரர்கள் உள்நாட்டு ஜனங்களை இளக்காரமாகச் சொன்னது, பிறகு வெள்ளைக்காரன் வாயிலும் ஏறியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சாதிமானாக இல்லாத, கலப்படமான தெரு நாயையும் ஷென்சி நாய் என்பார்கள். 1994ல் வந்த 'லயன் கிங்' படத்தில் கழுதைப்புலிக்கு வைத்த பெயரும் ஷென்சிதான். ஒரே வசைச்சொல். காங்கோவிலிருந்து லண்டன் போனால் சுத்த ரத்த நாய், கென்யாவில் நின்றால் கலப்பட நாய்.

அந்த மனிதர்கள் யார்? இட்டூரிக் காட்டில் வலை கட்டி வேட்டையாடும் ம்புட்டிகள், வடக்கே அசாண்டேக்கள், மங்பெட்டுக்கள். நாய் குலைக்காது என்பதால் அதன் கழுத்தில் மரத்தால் செய்த மணியைக் கட்டி விடுவார்கள். நாய் புதருக்குள் மணியடித்து ஓடும், மான் மிரண்டு வலைப்பக்கம் ஓடும். நாயும் மனிதனும் சேர்ந்து சாப்பாடு தேடிய நுட்பமான ஏற்பாடு. இவர்களைத்தான் காட்டுமிராண்டி என்றார்கள். சொன்னவர்கள் யார் என்பதையும் பார்க்கணும். 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜியம் மன்னன் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. ரப்பர் அளவு குறைந்த கிராமங்களுக்குள் துப்பாக்கியோடு போனார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட வெட்டிய கைகளைக் கூடையில் கொண்டுவந்தார்கள். புகைப்படங்கள் இருக்கின்றன.

1908ல் மன்னன் கையிலிருந்து பெல்ஜிய அரசு கைக்கு மாறியது. அப்புறம் வந்தது இன்னும் நமக்குப் பழக்கமானது. கறுப்பரை இரண்டாகப் பிரித்தார்கள். படித்து, சட்டை போட்டு, பிரெஞ்சு பேசுகிறவன் 'எவொலுவே', அதாவது வளர்ச்சியடைந்தவன். மற்றவன் பசென்ஜி. 1948ல் நற்குடிமகன் அட்டை, 1952ல் அதற்கும் மேலே ஒரு பதிவு அட்டை. அந்த அட்டை கேட்டால் அதிகாரி வீட்டுக்கே வருவான். கரண்டி முள்கரண்டி இருக்கிறதா, குளியலறை எப்படி, மனைவியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறாயா என்று பார்ப்பான். பட்ரிஸ் லுமும்பாவுக்கே முதல் தடவை கிடைக்கவில்லை, 1954ல்தான் கிடைத்தது. அதே லுமும்பா 1960 ஜூன் 30 அன்று, விடுதலை நாளில், பெல்ஜிய மன்னனை வைத்துக்கொண்டே பேசியதில் ஒரு இடம் என்னை உலுக்கியது. கறுப்பனை 'நீ' என்றுதான் கூப்பிட்டார்கள், நண்பன் என்பதால் அல்ல, மரியாதைச் சொல் வெள்ளையனுக்கு மட்டும் என்பதால். பிரெஞ்சில் பேசியதை இங்கிலீஷில் படித்தேன், ஆனால் எனக்குக் கேட்டது தமிழ். எங்க தாத்தாவை ஊர்த்தெருவில் ஏழு வயசுப் பையன் "டேய்" என்று கூப்பிட்டதைப் பார்த்தவள் நான்.

இந்தக் கொடுமை நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் நாய் மட்டும் பத்திரமாகக் கப்பலேறியது. லண்டனில் கென்னல் கிளப் 1873ல் தொடங்கியது, அடுத்த வருஷமே வம்சாவளிப் புத்தகம் போட்டது. 1895ல் கிரஃப்ட்ஸ் கண்காட்சிக்குக் கொண்டுவந்த காட்டு நாய்கள் நோயில் செத்தன. 1923ல் லேடி ஹெலன் நட்டிங் சூடானிலிருந்து ஆறு நாய்களைக் கொண்டுவந்தார். தடுப்பூசி போட்டதில் அவையும் போயின. 1936ல் ஒலிவியா பர்ன் கொண்டுவந்தவை பிழைத்தன. 1937 கிரஃப்ட்ஸில் அவற்றைப் பார்க்கக் கூட்டம் நெரித்தது. காங்கோ மனிதரையும் காட்சிக்கு வைத்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லணும். 1906ல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஓட்டா பெங்கா என்பவரைக் குரங்குக் கூண்டில் வைத்தார்கள். நாய்க்குப் பரிசு, ஆளுக்குக் கூண்டு.

கண்காட்சியில் நடுவர் நாயின் பல்லைப் பார்ப்பார், உயரம் பார்ப்பார், வாலின் சுருளைப் பார்ப்பார். ஆண் 17 அங்குலம், பெண் 16. எழுதிவைத்த இலக்கணம். டோபியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு எட்கர் தர்ஸ்டன் ஞாபகம் வரும். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கையில் அளவுகோலோடு நம் ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909ல் ஏழு தொகுதி. அவருக்கு முன்னால் வங்காளத்தில் ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாக சாதி கீழே போகும் என்று கண்டுபிடித்தவர். நாயை அளந்ததும் நம்மை அளந்ததும் ஒரே காலம், ஒரே சாம்ராஜ்யம், ஒரே ஆசை. பார்த்தவுடனே பிறப்பைச் சொல்லிவிடணும்.

சரி, அந்தச் சுத்த ரத்தம் என்ன ஆனது? ஆரம்பத்தில் பிழைத்த சில நாய்கள்தான் எல்லாவற்றுக்கும் மூலம். 1941ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு வந்த சரக்குக் கப்பலில் ஒரு பெட்டை நாய், எலும்பும் தோலுமாக, மூட்டைகளுக்கு நடுவே கிடைத்தது. பிறந்த ஊர் தெரியாது, தாய் தகப்பன் தெரியாது. காங்கோ என்று பெயர் வைத்து இனத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 1959ல் வெரோனிகா டியூடர் வில்லியம்ஸ் சூடானின் தென்பகுதிக்குப் போய் ஃபூலா என்ற பெட்டையைக் கொண்டுவந்தார். உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து ரத்தசோகை நோய் பரவியது. அதைச் சோதித்து ஒதுக்கினால் சிறுநீரகத்தைத் தின்னும் ஃபன்கோனி நோய் தலைதூக்கியது. மாதா மாதம் பெஸ்ஸின் மூத்திரத்தைக் கிண்ணத்தில் பிடித்து சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைப்பது என் வேலை. நோயைக் கடத்தும் மரபணுவை நேரடியாகக் கண்டுபிடிக்கும் சோதனை 2011ல்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே, 1987லும் 1988லும், அமெரிக்க நாய்க்காரர்கள் காங்கோ கிராமங்களுக்கே போய் அங்கே அலைந்த நாய்களில் ஜாடை சரியாக இருந்ததைப் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். அப்போது அந்த நாட்டுக்கு ஜயர் என்று பெயர். 1990ல் அவற்றில் 14 நாய்களை வம்சாவளிப் புத்தகத்தில் சேர்த்தார்கள். வரிப்புலி நிறம் அதுவரை ஏற்பில்லாத நிறம், அந்த வருஷம் அதுவும் இலக்கணமாகிவிட்டது. ஆக, சுத்தம் நோய்பட்டுச் சாகக் கிடந்தபோது அதைக் காப்பாற்றியது கிராமத்து நாய். பொறுக்கிய அன்று காலை அது ஊர் நாய், கையெழுத்துப் போட்ட அன்று மாலை உயர்ந்த ரத்தம். இதை நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஆமாம், அப்படித்தான்" என்றார்.

இனி பட்டன். கறுப்பும் பழுப்புமாக, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து, வால் மட்டும் சுருண்டிருக்கும். பூங்காவில் ஒரு நாள் தவறாமல் யாராவது நிறுத்திக் கேட்பார்கள், இதில் என்னென்ன கலந்திருக்கு? கேட்டவரே பதிலும் சொல்வார். காதைப் பார்த்து ஒரு இனம், மூக்கைப் பார்த்து ஒரு இனம், நடையைப் பார்த்து இன்னொன்று. சந்தையில் மாடு பார்க்கும் தரகர் மாதிரி உறுதியாகச் சொல்வார்கள். வீட்டம்மா வாலைப் பார்த்து பாதி பசெஞ்சி என்று நம்பினார்.

இந்த ஊகம் எவ்வளவு பொய் என்பதை ஒரு பசெஞ்சியை வைத்தே நிரூபித்திருக்கிறார்கள். மெய்ன் மாநிலம் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பசெஞ்சியையும் காக்கர் ஸ்பேனியலையும் இணை சேர்த்தார்கள். ஒன்று குட்டை மயிர் நிமிர்ந்த காது, மற்றது நீள மயிர் தொங்கு காது. 1965ல் வந்த அவர்கள் புத்தகத்தில் படங்கள் இருக்கின்றன. குட்டிகள் தாய் மாதிரியும் இல்லை, தகப்பன் மாதிரியும் இல்லை. அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் பேரக்குட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. காரணம் பிறகு தெரிந்தது. நாயின் மயிர் நீளமா, சுருளா, முகத்தில் மீசை உண்டா என்பதைப் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009ல் கண்டார்கள். ஆயிரக்கணக்கானதில் மூன்று. அதே 2009ல் கலிபோர்னியாவில் 20 கலப்பு நாய்களை எடுத்து, காப்பகங்கள் பார்வையால் சொன்ன இனத்தையும் மரபணுச் சோதனையையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நாய்களில் காப்பகம் சொன்ன இனத்தின் தடயமே இல்லை. 2022ல் இன்னும் பெரிய ஆய்வு. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் குணங்களை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவைப் படித்தார்கள். ஒரு நாயின் குணத்தில் இனம் விளக்குவது நூற்றுக்கு ஒன்பது பங்கு மட்டும். நாய்க்கே அப்படி. நூற்றைம்பது வருஷமாக வேண்டுமென்றே பிரித்து இனம் வளர்த்த நாய்க்கே.

பட்டனுக்கும் சோதனை செய்தோம். பசெஞ்சி துளி இல்லை. வீட்டம்மா ஒரு வாரம் வாடிப்போனார், அப்புறம் பழையபடி அதற்கு முட்டை கொடுத்தார்.

அந்த ஜனவரியில்தான் அங்கிருந்த தமிழர்களின் பொங்கல் விழாவுக்குப் போனேன். ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மூக்கைப் பார்த்தாலே தெரியுதே, நீ எங்க ஆளு." என்ன ஆளு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தட்டில் ரெண்டு தரம் பொங்கல் வைத்தார். குளிரில் பஸ்ஸுக்கு நிற்காதே, வாராவாரம் கடைக்குக் காரில் கூட்டிப்போறேன் என்றார். மூன்று வாரம் கூட்டிப்போனார். பாவம், பாசத்தோடுதான். நாலாவது வாரம் வண்டியில் வைத்துக் கேட்டார், "உங்க ஊர்ல எந்தத் தெரு?" பூங்காவில் பட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேட்கிற அதே குரல். நான் "காலனி" என்றேன். அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். அடுத்த வாரம் வண்டி ரிப்பேர். அதற்கடுத்த வாரம் போன் எடுக்கவில்லை. நான் பஸ்ஸில் போனேன். தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்னால் அளந்த மூக்கு இன்றைக்கும் அந்த அக்காவின் கண்ணில் இருந்தது. அதுவும் தப்பான அளவு.

திரும்ப ஒலிபெருக்கிக்கு வருகிறேன். பறையடிக்கிறவர்களின் பெயரை ஐரோப்பியர் கடற்கரையில் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். பிரெஞ்சில் அதை வைத்து நாடகம் போட்டார்கள், ஜெர்மனியில் யூதர்களைப் பற்றி எழுதப் பயன்படுத்தினார்கள், இப்போது ஒதுக்கப்பட்ட நாட்டைக்கூட அப்படிச் சொல்கிறார்கள். நடுவில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரன் தெருநாய்க்கு வைத்தான். அது நாயியல் சொல்லாகி, உலகத்தில் எங்கெல்லாம் எஜமானன் இல்லாமல் நாய் திரிகிறதோ அங்கெல்லாம் போய், கடைசியில் ஒரு அமெரிக்கப் பதிவுச் சங்கத்தின் பட்டியலில் பிரிவின் தலைப்பாக உட்கார்ந்துவிட்டது. அந்தத் தலைப்பின் கீழே பசெஞ்சி. காட்டுமிராண்டி என்ற பெயருள்ள நாயை எங்கள் பெயருள்ள பிரிவில் போட்டிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு ரெண்டு சொல்லின் கதையும் தெரிந்திருக்காது. தெரியாததால் எங்களுக்குக் குறைந்துவிடுவதில்லை.

1893ல் ரெட்டமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். லண்டனில் காங்கோ நாய்கள் முதன்முதலாகக் காட்சிக்கு வந்ததற்கு இரண்டு வருஷம் முன்னால். அயோத்திதாசருக்கு அந்தப் பெயரே பிடிக்காது, அது பகைவர் கட்டிய பெயர் என்று வாதாடினார். பெயரை எடுத்துக்கொள்வதா, எறிவதா என்ற சண்டை நமக்குள் இன்னும் முடியவில்லை. நான் சீனிவாசன் பக்கம்தான் எப்போதும் நின்றிருக்கிறேன். அன்று அந்த வளையத்தின் ஓரத்தில் நின்றபோது மட்டும் அயோத்திதாசர் சொல்வது காதில் விழுந்தது.

கண்காட்சி முடிந்து வண்டியில் வரும்போது வீட்டம்மாவிடம் சொன்னேன், அது எங்கள் ஆட்களின் பெயர் என்று. "எது?" என்றார். அவருக்குப் புரிய வைக்கக் கால் மணி நேரமானது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டார், அவர் கேட்க வேண்டியதில்லை. சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னிடம் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் 'அந்தப் பாவப்பட்ட ஜனங்கள்' என்று இருந்தது, அதை அடிக்கச் சொன்னேன். பதில் வரவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊரில் யாராவது சண்டையில் எங்களை என்ன நாயென்று திட்டுவார்கள் என்று அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டுமா. "அங்கயுமா?" என்றாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காங்கோ அண்ணன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பனி உருகிச் சேறாகக் கிடந்தது. அவர் உள்ளே வரவில்லை, தோட்டத்து வாசலிலேயே நின்றார். பெஸ்ஸும் டோபியும் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தன, கிட்டே போகவில்லை, அது அவற்றின் வழக்கம். வீட்டம்மா நாய்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அசையவில்லை. அண்ணன் குந்தி உட்கார்ந்து, கையைத் தாழ்த்தி நீட்டி, "ம்ப்வா" என்றார். நாய் என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பட்டன் ஓடிவந்தது. பிறகு பெஸ்.